ஜீப்பின் முன்சக்கரங்கள்

கீழக்கரையிலிருந்து கிழக்கே மண்டபம், பாம்பன், இராமேசுவரம் எனத் தொடரும் கடற்கரை மணற்பாங்கானது. பனையும் உடைமரமும் நிற்கும் அந்நிலத்தில் தார்ச்சாலையை விட்டுச் சற்று இறங்கினாலும் மணல் கணுக்காலைப் பற்றிக்கொள்ளும். பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும் விசை பெறும் மோட்டார் வண்டி அங்கு இறங்கினால், சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று தமக்குத் தாமே குழி தோண்டிக்கொள்ளும். முன்சக்கரங்களும் விசை பெற்று இழுக்கும் வண்டியே அத்தகைய இடத்தில் உதவும். அவ்வகை வண்டிகளுள் நம் நாட்டில் மிகுதியாக அறியப்பட்டது ஜீப் ஆகும்.

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. 1940, 1941 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படைக்காக அஃது உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1947-இல் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் அவற்றின் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டத் தொடங்கினர். பின்னர் இந்நாட்டிலேயே அவற்றைச் செய்தும் வந்தனர். இரும்புச் சட்டமும் தடித்த அச்சும் கொண்ட அவ்வண்டிகளுள் பல, முதுமை எய்திய பின்னும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன.

இராமநாதபுரக் கரையில் அவற்றுக்குத் தனி வேலை ஒன்று நெடுங்காலம் இருந்தது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊரும் இருப்புப்பாதையும் கடலுக்கு இரையாயின. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நல்ல சாலை இல்லை. அழிந்த ஊரைக் காணச் சென்ற யாத்திரிகரும், அங்கே குடிசையிட்டு மீன்பிடித்து வாழ்ந்த மக்களும், மணலையும் ஆழமற்ற உப்புநீரையும் கடப்பதற்கு, நான்கு சக்கரங்களிலும் விசையுள்ள பழைய ஜீப்புகளையும் வேன்களையுமே நம்பியிருந்தனர். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது.

மணலுக்கும் தாருக்கும் உள்ள வேறுபாடு சக்கரத்துக்கு நன்றாகத் தெரியும். மணலில் முன்சக்கரம் சிறிது கோணியிருந்தாலும் ஓட்டுநர் அதனை உணர்வதில்லை. சக்கரம் பக்கவாட்டில் நழுவினால் மணலும் உடன் நழுவிக் கொடுக்கும், டயர் தேயாது. வேகமும் அங்கு மிகக் குறைவு. அதே வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, மறைந்திருந்த குறைகள் எல்லாம் வெளிப்படும். ஸ்டீயரிங் கையில் நடுங்கும். வண்டி ஒருபுறமாக இழுக்கும். புதிய டயர் சில மாதங்களில் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்து வழவழப்பாகும். எதிரே பேருந்து வரும் நேரத்தில் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்கினால் விளைவது டயர்ச் செலவு மட்டும் அன்று. ஆதலின் முன்சக்கரங்களை ஒழுங்கு செய்தல், பழைய வண்டி வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய வேலையாகும். இதனைப் பட்டறைகளில் ‘வீல் அலைன்மெண்ட்’ என்று வழங்குவர்.

மாட்டுவண்டிக்கு இத்தொல்லை இல்லை. அதன் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் நிற்கின்றன. திரும்ப வேண்டுமாயின் மாடு திரும்பும், வண்டி முழுவதும் உடன் திரும்பும். நான்கு சக்கரங்கள் உள்ள தேருக்கு அந்த வசதி இல்லாமையால்தான், வீதிமுனையில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இட்டு அதனைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தன் தன் முளையில் தனித்துத் திரும்பும் முறையை ஜெர்மனியில் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் வகுத்தார். 1818-இல் இலண்டனில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றவர் அவருடைய முகவர் ஆக்கர்மன். அமைப்பைக் கண்டவர் ஒருவராயிருக்க, உலகம் அதனை ஆக்கர்மன் பெயராலேயே அழைத்து வருகிறது. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்பவேண்டும். சக்கரங்களைத் திருப்பும் கைகளைச் சாய்வாக அமைத்து இதனைச் செய்தார்கள். இன்றைய மோட்டார் வண்டியும் அடிப்படையில் இவ்வழியையே பின்பற்றுகிறது.

சக்கரம் தனித்துத் திரும்பலாயிற்று எனில், அது தனித்துக் கோணவும் கூடும். இங்குதான் ஒழுங்கு பற்றிய கேள்வி எழுகிறது.

இரு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதே நேர்மையான ஒழுங்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஜீப்பைச் செய்தவர்கள் அவ்வாறு அமைக்கவில்லை. வண்டியை மேலிருந்து நோக்கினால், முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சிறிது நெருங்கியிருக்கும். கால்களின் பெருவிரல்கள் உள்நோக்கி இருக்க நிற்கும் மனிதனை இது ஒத்திருக்கிறது. இந்த உட்குவிவைப் பட்டறைத் தொழிலாளர் ‘டோ-இன்’ என்பர். பழைய ஜீப்புக்கு விதிக்கப்பட்ட உட்குவிவு அங்குலத்தில் 3/64 முதல் 3/32 வரை. அதாவது ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். தீக்குச்சியின் தடிமன் அளவே இது எனலாம்.

நிற்கும்போது இணையாக இல்லாத சக்கரங்கள் ஓடும்போது இணையாகும் என்பதே இதன் உட்பொருள். வண்டியைப் பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் வெறுமனே உருளும்போது, தரையின் தடை அவற்றைப் பின்னோக்கி அழுத்துகிறது. மூட்டுகளில் எப்போதும் சிறிது ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தின் அளவுக்குச் சக்கரங்களின் முன்விளிம்புகள் வெளிப்புறம் விரியும். முன்னரே சிறிது குவித்து வைத்திருந்தால், விரிந்தபின் அவை இணையாகும். நான்கு சக்கர வண்டியிலோ இன்னொரு நிலையும் உண்டு. கோலைத் தள்ளி முன்சக்கரங்களுக்கும் விசை கொடுத்தவுடன் அவை தாமே முன்னோக்கி இழுக்கத் தொடங்குகின்றன. அப்போது அவை விரியாமல் மேலும் குவியவே முற்படும். ஒரே வண்டி ஒரு நாள் தாரிலும் மறுநாள் மணலிலும் ஓடும்போது இரண்டு நிலைகளுக்கும் ஒரே அளவே வாய்க்கிறது. ஜீப்புக்கு உட்குவிவை மிகச் சிறியதாக வைத்திருப்பது இவ்விரு நிலைகளுக்கும் பொதுவாக அமைகிறது. ‘இன்னும் சற்றுக் குவித்தால் வண்டி இன்னும் நேராக ஓடும்’ என்று கருதி அளவை மிகுவிப்போர் டயர் வணிகருக்கே நன்மை செய்கின்றனர்.

ஒரு சிறு கணக்கினால் இது விளங்கும். சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். உட்குவிவு உரிய அளவுக்கு மேல் 6 மில்லிமீட்டர் மிகுந்திருந்தால், ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் 3 மில்லிமீட்டர். அதாவது 700 மில்லிமீட்டர் தொலைவுக்கு 3 மில்லிமீட்டர் வீதம் சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இது 4 மீட்டருக்கு மேலாகும். கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அங்குச் சென்று சேர்வதற்குள் ஒவ்வொரு முன்டயரும் எழுபது மீட்டருக்கு மேல் தார்மீது பக்கவாட்டில் உராய்ந்திருக்கும். அரம் கொண்டு அராவினாற்போல் டயர் தேய்வதில் வியப்பில்லை.

உட்குவிவைத் தவிர வேறு மூன்று கோணங்களும் முன்சக்கரத்துக்கு உண்டு. முன்னிருந்து நோக்கினால் சக்கரத்தின் மேற்பகுதி சற்று வெளிப்புறம் சாய்ந்திருக்கும். இதற்குக் கேம்பர் என்று பெயர். பழைய ஜீப்பில் இஃது ஒன்றரைப் பாகை. மரச்சக்கர வண்டிகளின் காலத்திலிருந்தே வந்த வழக்கம் இது. குழிந்த சக்கரத்தின் கீழ் ஆரக்கால் செங்குத்தாக நின்று சுமை தாங்குமாறு, தச்சர்கள் அச்சின் முனையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பது உண்டு. அடுத்தது காஸ்டர். சக்கரம் திரும்பும் முளை பக்கவாட்டிலிருந்து நோக்கும்போது மூன்று பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மிதிவண்டியின் முன்கவை சாய்ந்திருப்பதும் இவ்வகையினதே. இச்சாய்வினால், முளையின் கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அமைகிறது. ஆகவே சக்கரம் முளையின் பின்னால் இழுபட்டு, வளைவு முடிந்ததும் தானே நேராக முயல்கிறது. மூன்றாவது, அம்முளையின் மேல்முனை வண்டியின் உட்புறம் ஏழரைப் பாகை சாய்ந்திருப்பது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் உழைப்பை இது குறைக்கிறது.

இவற்றுள் பட்டறையில் திருகித் திருத்தக்கூடியது உட்குவிவு ஒன்றே. இதனை மறந்துவிடுவோர் பலர். இந்நாளில் நகரங்களில் ஒளியும் கணிப்பொறியும் கொண்டு சக்கரத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. கருவியின் திரையில் எல்லாக் கோணங்களும் தோன்றும். எல்லாவற்றையும் திருத்தலாம் போலும் என்று எண்ணச் செய்யும். பழைய ஜீப்பின் முன் அச்சோ ஒரே திண்ணிய இரும்புக் கூடு. அதன் இரு முனைகளிலும் உருண்டை வடிவக் குமிழ்கள் பொருத்தப்பட்டுள்ளன. கேம்பரும் முளையின் உட்சாய்வும் அவ்விரும்பிலேயே அமைந்துவிட்டவை. அவை மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்துவிட்டது, அல்லது தேய்ந்துவிட்டது என்பதே பொருள். மிகுந்த சுமையோடு குழியில் மோதியதால் அச்சு வளைந்திருக்கலாம். காஸ்டரை மட்டும், வில்தகடுகளுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து ஓரளவு மாற்றலாம். ஆனால் வில்தகடுகள் தளர்ந்து தாழ்ந்ததால் அது மாறியிருந்தால், தகடுகளைச் செப்பனிடுவதே முறை.

ஆகவே அளவுகோலை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய ஆய்வே இவ்வேலையில் பெரும்பகுதி. முதலில் டயர்களின் காற்றை நோக்கவேண்டும். மணலில் இறங்கும் ஓட்டுநர்கள், டயர் பரந்து நிற்பதற்காகக் காற்றைக் குறைப்பது வழக்கம். சாலைக்கு வந்தபின் அதனை நிரப்ப மறந்திருந்தால் எந்த அளவும் உண்மை கூறாது. அடுத்து ஓட்டுநரைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தாருக்கு ஏறியபின் முன்சக்கர விசையைத் துண்டித்தாரா? காய்ந்த சாலையில் வளைவுதோறும் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருளவேண்டும். பழைய ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுவதால் அவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. டயர்தான் சறுக்கி ஈடுகொடுக்கிறது. இவ்வகைத் தேய்வை உட்குவிவின்மேல் சுமத்துவது தகாது.

பின்னர் முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்கவேண்டும். ஆட்டம் இருந்தால் சக்கரப் பேரிங் தளர்ந்திருக்கிறது. அல்லது முளையைத் தாங்கும் மேல், கீழ்ப் பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. கடலோர வண்டிகளில் பின்னது மிகுதி. உருண்டைக் குமிழைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் கம்பளி வளையம் பழுதுபட்டால், உப்புநீர் உள்ளே புகும், கிரீஸ் வெளுத்து நீர்த்துப்போகும், பேரிங் துருப்பிடிக்கும். அக்குமிழுக்குள்ளேதான் சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் மூட்டும் இருக்கிறது. பேரிங்கின் இறுக்கம், இடையே வைக்கும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்யப்படும். இதைச் செய்யாமல் உட்குவிவை மட்டும் திருத்துவது, ஆடும் தூணுக்குச் சுண்ணாம்பு பூசுவது போன்றதாம். சாலையில் ஸ்டீயரிங் நடுங்குவதற்கு, சக்கரம் எடைச்சமன் இல்லாமையும் இந்த ஆட்டமும் சாய்வு மாறியதுமே பெரும்பாலும் காரணங்கள்.

டயரை முன்னும் பின்னும் பிடித்து அசைத்தால், இரு சக்கரங்களையும் இணைக்கும் ‘டை-ராடு’ என்னும் கோலின் மூட்டுகள் நன்றாக உள்ளனவா என்பது தெரியும். பழைய ஜீப்புகள் பலவற்றில் இக்கோல் ஒன்றாக இராமல் இரண்டாகப் பிரிந்து, நடுவிலுள்ள ‘பெல் கிராங்க்’ என்னும் திருகுகையில் பொருந்தியிருக்கும். அத்திருகுகையின் பேரிங்கும் தேயும் இயல்புடையது.

இவ்வளவும் செப்பமானபின் அளத்தல் எளிது. தேவையானவை சமதளம், சுண்ணக்கட்டி, ஆணி, நூல், தூக்குக்குண்டு, அளவு நாடா இவையே. உயர்த்திய சக்கரத்தைச் சுழலவிட்டு, டயரின் நடுவே சுண்ணம் பூசி, அசையாமல் பிடித்த ஆணியால் மெல்லிய கோடு ஒன்று கீறவேண்டும். சக்கரத்தின் இரும்பு விளிம்பு சற்றுக் கோணியிருந்தாலும், ஆணி நிலையாக இருப்பதால் இக்கோடு பிழையாகாது. இரு சக்கரங்களிலும் கீறியபின் வண்டியைத் தரையில் இறக்கிச் சில மீட்டர் முன்னே உருட்டவேண்டும். உயர்த்தி இறக்கிய வண்டியின் வில்தகடுகளும் மூட்டுகளும் இயல்பான நிலைக்கு வர இது தேவை. உருட்டாமல் அளந்த அளவு பயனற்றது. மீண்டும் பின்னே தள்ளினாலும் மூட்டுகளின் ஆட்டம் மறுபுறம் சாய்ந்துவிடும். ஆகையால் முன்னோக்கியே உருட்டுவர்.

இப்போது இரு டயர்களின் பின்புறத்திலும், அச்சின் உயரத்தில், கோட்டின்மேல் புள்ளி ஒன்று குறித்து இடைவெளியை அளக்கவேண்டும். இடையே எந்திர உறுப்புகள் தடுத்தால், புள்ளியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறித்துக்கொள்ளலாம். பிறகு வண்டியை அரைச்சுற்று முன்னே உருட்டினால் அதே புள்ளிகள் முன்புறம் வரும். அங்கும் இடைவெளியை அளந்து, முன்னதிலிருந்து இதனைக் கழித்தால் கிடைப்பதே உட்குவிவு. பின்புற அளவு 1,252 மில்லிமீட்டரும் முன்புற அளவு 1,250 மில்லிமீட்டரும் ஆயின், உட்குவிவு 2 மில்லிமீட்டர். அதில் கைவைக்க வேண்டியதில்லை.

திருத்த வேண்டுமாயின், டை-ராட்டின் இரு முனைகளிலும் உள்ள பிடிப்புகளைத் தளர்த்திக் குழாயைத் திருகவேண்டும். ஒரு முனையில் வலப்புரி மரையும் மறுமுனையில் இடப்புரி மரையும் இருப்பதால், ஒருபுறம் திருகினால் கோல் நீளும். மறுபுறம் திருகினால் குறுகும். கோல் அச்சுக்குப் பின்னே இருந்தால், அது நீள நீள உட்குவிவு மிகும். முன்னே இருந்தால் இதற்கு நேர்மாறாகும். கோல் இரண்டாகப் பிரிந்த ஜீப்பில் ஒரு முன்வேலை உண்டு. நடுத் திருகுகையை அச்சுக்குச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, இடப்புறப் பின்சக்கரத்திலிருந்து இடப்புற முன்சக்கரம் வரை நூல் பிடித்து, முதலில் இடச்சக்கரத்தை நேராக்க வேண்டும். அதன்பின் வலப்புறக் கோலை மட்டும் திருகி உட்குவிவை அமைக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றினால், அளவு சரியாக இருந்தும் ஸ்டீயரிங் நடுவில் நில்லாது; ஒருபுறம் நன்றாகத் திரும்பும் வண்டி மறுபுறம் திரும்பாது.

சக்கரம் மிகுதியாகத் திரும்பாமல் தடுக்கும் மரையாணி ஒவ்வொரு முளையருகிலும் இருக்கிறது. டயர் வில்தகட்டில் உரசாமல் இருப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று இது. அளவுக்கு மேல் திரும்பிய நிலையில் முன்சக்கர விசையையும் கொடுத்தால், குமிழுக்குள் இருக்கும் மூட்டு இறுகி முறியும். மணலில் சிக்கிய வண்டியை ஸ்டீயரிங் முழுவதும் திருப்பி, எந்திரத்தை முடுக்கி மீட்க முயல்வோர் பலமுறை இவ்வாறு மூட்டை இழந்திருக்கின்றனர். ஆதலால் உட்குவிவைத் திருத்தியபின் இவ்வாணிகளையும் நோக்குதல் வேண்டும்.

பிடிப்புகளை இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை உருட்டி அளப்பர். இறுக்கும்போதே குழாய் சிறிது திரும்பிவிடுவது உண்டு. மரைகளின்மேல் கிரீஸ் பூசிவைப்பதும் இக்கரையில் இன்றியமையாதது. உப்புக்காற்றில் துருவேறிய குழாயை அடுத்த முறை திருக, தீயிட்டுச் சூடாக்க வேண்டியிருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், தொழிலாளர் ‘பட்டன்’ என்று கூறும் டயரின் மேற்கட்டிகளை உள்ளங்கையால் தடவிப் பார்க்கலாம். கையை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக இழுக்கும்போது விளிம்புகள் அரம்போல் தட்டுப்பட்டால் உட்குவிவு மிகை. வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக இழுக்கும்போது தட்டுப்பட்டால் குறை. இருபுறமும் கை வழுவழுவென்று சென்றால் கோலைத் தொடவேண்டியதில்லை.